பறக்காத விமானமும் கால் அங்குல ஸ்பேனரும்

"ஏங்க, கேஸ் மூடியாச்சான்னு மூணாவது தடவையா பார்த்தாச்சு. இப்பவாவது கிளம்பலாமா?"

வெளியே கிளம்பும்போதெல்லாம் என் மனைவி வாசலில் நின்றுகொண்டு கேட்கும் கேள்வி இது. கேஸ், மோட்டார் சுவிட்ச், கொல்லைக் கதவு என்று ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. கண்ணால் பார்த்தால் போதாது. கொச்சியில் பத்தொன்பது வயதில் ஒட்டிக்கொண்ட வியாதி இது.

கதிர்காமத்தில் எங்கள் தெருவுக்கு நான் 'மாஜி ராணுவம்'. புதுச்சேரியில் அப்படிச் சொன்னால், "பிரான்ஸ் பென்ஷனா சார்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற 'சொல்தா'க்கள் வாழும் ஊர் இல்லையா! "இல்லீங்க, இந்தியன் நேவி. விமான மெக்கானிக்" என்றால், "நேவியில ஏது சார் ஏரோப்ளேன்?" என்று அடுத்த கேள்வி வரும்.

1981-ல் சேர்ந்தேன். ஒடிசாவில் சில்கா ஏரிக்கரையில் உள்ள ஐ.என்.எஸ். சில்காவில் அடிப்படைப் பயிற்சி. அது முடிந்ததும் கொச்சி. அங்கே உள்ள ஐ.என்.எஸ். கருடாதான் நம் கடற்படையின் முதல் விமானத் தளம். 1953-ல் தொடங்கியது. விமானத் தொழில்நுட்பப் பள்ளியும் அங்கேதான். நெடும்பாசேரி விமான நிலையம் 1999-ல் வரும்வரை பயணிகள் விமானங்களும் கடற்படை ஓடுதளத்தில்தான் இறங்கின. அந்தச் சத்தம் வந்தால் பாடம் நடத்தும் சீஃப் பேச்சை நிறுத்திவிட்டு, அது அடங்கியதும் விட்ட வார்த்தையிலிருந்தே தொடர்வார்.

என்ஜினைத் தொட விடுவார்கள் என்று ஆசையாகப் போனால், ஆரம்பத்தில் கருவிகளை எடுப்பதும் திருப்பி வைப்பதும்தான் பாடம். பலகையில் ஒவ்வொரு ஸ்பேனரின் உருவமும் வரையப்பட்டிருக்கும். ஒன்றை எடுத்தால், அந்த இடத்தில் நம் எண் பொறித்த வில்லையை மாட்ட வேண்டும். மாலையில் எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் கையெழுத்து. ஒரு சின்ன நட்டு என்ஜினுக்குள் போனால் உள்ளே சுழலும் தகடுகள் சிதைந்துவிடும். வால் பகுதியில் மறந்துவிட்ட ஸ்பேனர், விமானத்தைத் திருப்பும் கம்பிகளுக்கு இடையில் சிக்கினால் விமானி என்ன இழுத்தாலும் விமானம் கேட்காது.

1982-ல் ஒருநாள் மதியம் வீட்டிலிருந்து தந்தி வந்தது. 'பாட்டி கவலைக்கிடம். உடனே புறப்படு.' அம்மா வேலைக்குப் போனதால் என்னை வளர்த்தவள் பாட்டிதான். லீவு கிடைத்தது. சாயங்காலம் எர்ணாகுளத்தில் ரயில். அவசர அவசரமாகக் கருவிகளைத் திருப்பி வைத்தேன். பலகையில் ஓர் இடம் காலி. கால் அங்குல ஸ்பேனர். அங்கே தொங்கிய வில்லையில் என் எண்.

நாங்கள் வேலை பழகியது, பறக்கும் காலம் முடிந்து வகுப்புக்காக நிறுத்தி வைத்திருந்த பழைய விமானத்தில். உச்சிப்புளி நண்பன் காதருகே வந்து, "பேசாம கிளம்புடா. நாளைக்கு பிராட்வே கடையில புதுசு ஒண்ணு வாங்கி நான் மாட்டிடறேன். இது என்ன பறக்கவா போகுது?" என்றான்.

உண்மையைச் சொன்னால், சரி என்றுதான் தலையாட்டினேன். பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போயும் விட்டேன். அதற்கு மேல் கால் நகரவில்லை. திரும்பி வந்து சீஃபிடம் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. "நீ ஊருக்குப் போ. நாங்கள் தேடிக்கொள்கிறோம்" என்றார். ஆனால் காலையிலிருந்து எந்தெந்த மூடியைத் திறந்தேன், எங்கெங்கே கை விட்டேன் என்று எனக்கு மட்டும்தானே தெரியும்? தங்கிவிட்டேன். ரயில் போய்விட்டது. வகுப்பே டார்ச்சும் கண்ணாடியுமாகத் தேடியது. இரவு பத்து மணிக்கு, வால் பகுதியில் ஒரு சட்டத்தின் இடுக்கிலிருந்து அதை எடுத்தவன், புதுசு வாங்கலாம் என்று சொன்ன அதே நண்பன்.

மறுநாள் புறப்பட்டு வீடு வந்து சேர்ந்தபோது, சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பாட்டி கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

அம்மா அழவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பறக்காத விமானத்துக்காகவாடா?" என்று மட்டும் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

இரண்டு வருடம் கழித்து, ஐ.என்.எஸ். விக்ராந்த் கப்பலில்தான் அது கிடைத்தது. அப்போது நான் அலிசே விமானப் பிரிவில் இருந்தேன். 1971 போரில் விக்ராந்திலிருந்து பறந்த விமானங்களில் அதுவும் உண்டு. பிரான்சில் செய்தது. பிரெஞ்சில் அலிசே என்றால் கடலில் ஒரே திசையில் வீசும் காற்றாம். இதைச் சொன்னபோது எங்கள் தெரு சொல்தா தாத்தாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

முதல்முறையாக ஒரு விமானத்துக்கு நான் கையெழுத்துப் போட்ட காலை அது. விமானி பதிவேட்டை வாங்கினார். என் பெயரைப் பார்த்தார், கீழே தன் கையெழுத்தைப் போட்டார், ஏறினார். பின்னால் இன்னும் இருவர். நான் திருகிய எதையும் அவர்கள் திரும்பத் திருகிப் பார்க்கவில்லை. நீராவி விசை உந்தித் தள்ள, விமானம் கடலுக்கு மேலே போனது. அது திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. பறக்கும் விமானம் எது, பறக்காதது எது என்று கைக்குத் தெரியாது. அன்றைக்குக் கொச்சியில் ஒளித்துப் பழகியிருந்தால், இன்றைக்கும் இந்தக் கை ஒளித்திருக்கும்.

அடுத்த லீவில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "மேல போன அந்த மூணு பேருக்கும் வீட்ல பாட்டி இருப்பாங்கல்ல" என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவள் கேட்டதே இல்லை.

போன வருடம் என் மனைவிக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை. முதல்நாள் இரவு அவளைவிட நான்தான் பயந்து போயிருந்தேன். வார்டில் இருந்த நர்ஸ் பெண்ணிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "உள்ளே எதையாவது மறந்து வெச்சிட்டா?"

அந்தப் பெண் சிரித்தது. "அப்படி விடமாட்டோம் அப்பா. ஆரம்பிக்கும்போது பஞ்சு, ஊசி, கத்தரி எல்லாத்தையும் எண்ணி எழுதிடுவோம். தையல் போடறதுக்கு முன்னாடி ரெண்டு பேர் சேர்ந்து திரும்ப எண்ணுவோம். கணக்கு இடிச்சா, கிடைக்கிற வரைக்கும் தேடுவோம்."

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது, அதற்கு விமானத் துறையின் பட்டியல்களும் ஒரு முன்மாதிரி என்று பிறகு படித்தேன். அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. முகம் தெரியாத யாரோ ஒருவர் உள்ளே நின்று என் வீட்டுக்காரிக்காக எண்ணுவார் என்பது மட்டும் தெரிந்தது. வெளியே பெஞ்சில் அமைதியாக உட்கார முடிந்தது.

உச்சிப்புளி நண்பனுக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். அவன் ஊரிலேயே இப்போது ஐ.என்.எஸ். பருந்து என்று கடற்படை விமானத் தளம் இருக்கிறது. விமானச் சத்தம் கேட்டால் இன்னமும் வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்ப்பானாம். "அன்னிக்கு நீ வாசலோட போயிருந்தா, நான் இன்னிக்கு வரைக்கும் கடையில புதுசு வாங்கி மாட்டிக்கிட்டேதான்டா இருந்திருப்பேன்" என்றான்.

ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ். ஆட்டோவில் மெதுவாக வந்துகொண்டிருந்தோம். தெரு திரும்பும்போது மனைவி என் கையைத் தட்டினாள்.

"ஏங்க, காலையில பால் காய்ச்சிட்டுக் கேஸை மூடினீங்களா?"

"மூணு தடவை பார்த்தேன்" என்றேன்.