ஒரு போர்ட், மூன்று கருவி

பென்னாகரம் பக்கம் ஒரு மாரியம்மன் திருவிழாக் கச்சேரி. கீபோர்டுக்காரரின் பழைய லேப்டாப்பில் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு யுஎஸ்பி போர்ட். அதில் மலிவான ஹப் ஒன்றைச் செருகி கீபோர்டு, ரிதம் பேட், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்ப்பலகை மூன்றையும் மாட்டியிருந்தார்.

இரண்டாவது பாட்டிலேயே பேட் செத்துவிட்டது. "தம்பி, தாளத்தைக் காணோமே?" என்றார் முன்வரிசைப் பெரியவர். பேசிய தொகையில் பாதி இன்னும் கைக்கு வரவில்லை.

லேப்டாப்தான் திணறுகிறது என்று நினைத்தார். அது பாவம், சும்மாதான் இருந்தது. 1983-ல் வந்த மிடி முறை ஒலியையே அனுப்புவதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம் என்ற குறிப்பு மட்டும்தான் போகும். யுஎஸ்பி கணக்குப்படி ஹப்பையும் சேர்த்து 127 கருவிகள் வரை இணைக்கலாம். பற்றாதது மின்சாரம். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்ப். பேட்டின் விளக்குகளெல்லாம் எரிந்தால் மூவரில் ஒருவர் பட்டினி.

குமிழ்ப்பலகையைப் பிடுங்கிவிட்டு பேட்டை மறுபடி செருகினார். தாளம் வந்தது, விடியற்காலையில் பாக்கியும் வந்தது.

மறுவாரமே தருமபுரிக்குப் போய், தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்கிவிட்டார். ஜெனரேட்டர் நின்றால் அடாப்டரும் நிற்குமே என்றால், அப்போது ஸ்பீக்கரும்தான் நிற்கும் என்கிறார். ஆனாலும் குமிழ்ப்பலகையை இன்றைக்கும் கடைசியாகத்தான் மாட்டுகிறார்.