தொடை வழியே ஒரு கதவு

நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை திறந்து மூடும் கதவு ஒன்று நம் ஒவ்வொருவர் நெஞ்சிலும் உண்டு. பெருந்தமனி வால்வு என்பர். முதுமையில் அதில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுவதுண்டு. அதை மாற்ற நெஞ்சைப் பிளப்பது ஒன்றே நெடுங்காலம் வழியாக இருந்தது.

பிரான்சின் ருவான் நகரில் அலென் கிரிபியே என்ற மருத்துவர் 1985இல் இறுகிய வால்வைப் பலூனால் விரித்தார். விரிந்தது, ஆனால் மீண்டும் சுருங்கியது. விரித்ததை அப்படியே நிறுத்த, உலோக வலைக்குள் வால்வைத் தைத்துச் சுருக்கி அனுப்பும் எண்ணம் பிறந்தது. 2002 ஏப்ரல் 16 அன்று, அறுவைக்கு இயலாதவர் எனக் கைவிடப்பட்ட 57 வயதுக்காரர் ஒருவருக்குத் தொடைச் சிரை வழியே அதைப் பொருத்தினார். வால்வு இயங்கியது. அவரோ வேறு சிக்கல்களால் 17 வாரங்களில் இறந்தார்.

2010இல் வெளியான பார்ட்னர் ஆய்வில், அறுவைக்கு இயலாதவர்களுள் வழக்கமான சிகிச்சை பெற்றோரில் பாதிப்பேர் ஓராண்டுக்குள் மாண்டனர். இவ்வால்வு பெற்றோரில் 100க்கு 31 பேர். என் அம்மாவுக்கும் இம்முறையையே பரிந்துரைத்தபோது, அந்த 31ஐச் சொல்ல வேண்டாம் என்றான் தம்பி. சொன்னேன். உயிர் அவளுடையதல்லவா?

அம்மா கேட்டது வேறு. "அது எதுல செய்யறாங்க?"

மாட்டின் இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் என்றேன். எண்பது வயது வரை பசுக்களைக் குளிப்பாட்டிப் பொட்டிட்டவள் நெடுநேரம் பேசவில்லை.

"செத்த பெறகும் நமக்குத்தான் ஒழைக்குது" என்றாள். பிறகு, ஒப்புதல் தாளை வாங்கிக் கையெழுத்திட்டாள்.