சாய்ந்த கை

வாடகை வேனில் பாய், ஸ்டவ், புளியோதரை சகிதம் புதுச்சேரியிலிருந்து கிளம்பினோம். வழியில் சிதம்பரத்திலும் கும்பகோணத்திலும் பழைய சிநேகிதிகளைப் பார்த்துவிட்டு, தஞ்சாவூரில் பள்ளித் தோழி வீட்டில் இறங்கினோம். கணவர் போனதிலிருந்து வாசற்படி தாண்டாதவள். "நீ வரலேன்னா நானும் போகலைடி" என்று அடம்பிடித்து, அரண்மனைக் கலைக்கூடத்துக்கு அழைத்துப் போனேன்.

அங்கே திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர். 1011-இல், ராஜராஜன் காலத்தில் செய்த செப்புத் திருமேனி. பக்கத்தில் மறுவருஷம் செய்த அம்மன். அவர் சாய்ந்திருந்த காளை இப்போது இல்லை. ஆனாலும் கை அப்படியே இருக்கிறது. முகத்தில் அதே சாந்தம்.

தோழி வெகுநேரம் பார்த்தாள். "சாஞ்சுக்க ஒண்ணுமில்லேன்னாலும் நிக்கிறாரேடி!" என்றாள்.

பிறகு அவளே எங்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்தாள்!

உங்களுக்கும் இப்படியொரு சிநேகிதி இருந்தால், போனில் விசாரிப்பதோடு நிற்காதீர்கள். நேரில் போய் அழைத்து வாருங்கள்.