டார்ட்மூர் சத்திரத்தில் ஓர் அணையாத அடுப்பு

ரசம் வைக்கும் ஈயச்சொம்பு உங்கள் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் அதை ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். அந்த உலோகம் வெள்ளீயம். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்று மாமியார் சொல்லிக் கொடுத்திருப்பார். 232 டிகிரியிலேயே உருகிப் போகிற சாது உலோகம் அது. (காரீயம் கலந்த போலிச் சொம்பு விஷம். நம்பிக்கையான கடையில் மட்டுமே வாங்குங்கள்.) இந்த வெள்ளீயத்துக்காகவே பூமியைக் குடைந்த மனிதர்கள் குளிர் காய்ந்த ஒரு சத்திரத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். அதன் பெயர் வாரன் ஹவுஸ் இன்.

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் மாவட்டம். அதன் நடுவே டார்ட்மூர் என்ற மேட்டு நிலம். மரம் அபூர்வம். புல், புதர், கருங்கல் குன்றுகள், தன்னிஷ்டத்துக்கு மேயும் மட்டக் குதிரைகள், அப்புறம் மூடுபனி. எக்ஸிடரில் இருக்கும் என் மகள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வழியில் சாக்ஃபோர்ட் என்ற சிற்றூரில் இறங்கினோம். இன்று பூந்தொட்டிகளும் தேநீர்க் கடைகளுமாக, பொம்மை ஊர் போல இருக்கிறது. 1305-ல் அரசர் முதலாம் எட்வர்ட் இதை வெள்ளீய நகரங்களில் ஒன்றாக அறிவித்தார். சுற்று வட்டாரத்தில் உருக்கிய வெள்ளீயப் பாளங்களை இங்கேதான் கொண்டுவர வேண்டும். எடை போட்டு, ஒரு மூலையை வெட்டிச் சோதித்து, வரி வாங்கிக்கொண்டு முத்திரை குத்துவார்கள். முத்திரை இல்லாமல் விற்க முடியாது.

அங்கிருந்து மேட்டில் ஏறிப் போனால், போஸ்ட்பிரிட்ஜ் கிராமத்துக்குச் சற்று முன்னால், சாலையோரத்தில் தன்னந்தனியாக நிற்கிறது சத்திரம். கடல் மட்டத்துக்கு மேல் 1,425 அடி. தென் இங்கிலாந்தில் இதைவிட உயரத்தில் வேறு சத்திரம் கிடையாது என்கிறார்கள்.

"ஏண்டி, இது சாராயக் கடை மாதிரியில்ல இருக்கு?" என்று வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"அம்மா, இங்கே குடும்பத்தோட வந்து சாப்பிடுவாங்க. டீயும் கிடைக்கும், வா" என்று இழுத்துக்கொண்டு போனாள். குழந்தைகள், நாய்கள், பாட்டிமார்கள் என்று உள்ளே கலகலப்பாகத்தான் இருந்தது. நானும் ஒரு கோப்பைத் தேநீரோடு கணப்பருகே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கணப்புத்தான் இந்த இடத்தின் பெருமை. 1845-லிருந்து அணைந்ததே இல்லையாம்! அதற்கு முன் சாலையின் எதிர்ப்புறத்தில் பழைய சத்திரம் ஒன்று இருந்தது. 1845-ல் இப்போதைய கட்டடம் எழுந்தபோது, பழைய அடுப்பின் கங்குகளை அப்படியே வாரிக்கொண்டு சாலையைக் கடந்து வந்து இங்கே போட்டார்கள் என்று சொல்கிறார்கள். நம் வடலூரில் வள்ளலார் ஏற்றிய அணையா அடுப்பு 1867-ல் தொடங்கியது. இது அதற்கும் 22 வருஷம் மூத்தது. அங்கே பசித்தவர்களுக்குச் சோறு, இங்கே காசு கொடுத்தவர்களுக்கு மது. அந்த வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும்.

நிஜமாகவே ஒரு நாள்கூட அணையவில்லையா? எனக்குச் சந்தேகம்தான். ஆனால் நடக்காத காரியம் என்றும் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் இங்கே எரித்தது விறகல்ல, 'பீட்' என்ற சதுப்பு மண். புல்லும் பாசியும் ஆயிரக்கணக்கான வருஷம் மட்கிப் படிந்தது. அதைக் கட்டி கட்டியாக வெட்டி, நாம் வறட்டி அடுக்குவது போல அடுக்கிக் காயவைப்பார்கள். மெதுவாக எரியும். சாம்பலால் மூடினால் விடியும்வரை உள்ளே கனன்றுகொண்டிருக்கும். இப்போது விறகுதான். என் பாட்டியும் ராத்திரி கங்கைச் சாம்பலில் புதைத்து வைத்துவிட்டுத்தான் படுப்பார். விடிகாலையில் அடுத்த வீட்டுக்காரி கொட்டாங்கச்சியோடு நெருப்புக் கேட்டு வருவாள். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு கேட்டால் மட்டும் கிடைக்காது!

ஜன்னல் வழியே பார்த்தால் எதிரே பள்ளத்தாக்கில் பூமியை வகிர்ந்தாற்போல ஆழமான பள்ளங்கள். விட்டிஃபர், பர்ச் டோர், கோல்டன் டாகர் என்ற சுரங்கங்கள் இருந்த இடம். தொழிலாளிகள் வாரம் முழுக்க அங்கேயே கொட்டகையில் தங்கி, லீவு நாளில் மேட்டு நிலத்தைக் கால்நடையாகக் கடந்து வீட்டுக்குப் போவார்கள். நனைந்த துணியோடு வருகிறவர்களுக்கு இந்தக் கணப்பைத் தவிர வேறு கதி ஏது? முயல்கள் பெருகுவதற்கென்றே மண்மேடுகள் கட்டி வளர்த்தார்கள். அந்த முயல் கறி சுரங்கத்துக்காரர்கள் வயிற்றுக்குப் போயிற்று. அப்படி முயல் வளர்க்கும் இடத்துக்குப் பெயர் 'வாரன்'. சத்திரத்தின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். கோல்டன் டாகர் 1930 வாக்கில் மூடப்பட்டது. அதோடு கூலிக்காரர் கூட்டமும் போயிற்று.

இங்கே சொல்லப்படும் ஒரு கதையைக் கேளுங்கள். கடும் பனிக்காலத்தில் ஒரு வழிப்போக்கன் ராத்தங்க வருகிறான். அவன் அறையில் ஒரு பெரிய மரப்பெட்டி. ஆவலில் மூடியைத் திறந்தால் உள்ளே பிணம்! விடியும்வரை நடுங்கிக் கிடந்தவன் காலையில் கேட்கிறான். வீட்டு மகன் சாவதானமாகச் சொல்கிறான்: "அது எங்க அப்பாதாங்க. டாவிஸ்டாக் கொண்டுபோய்ப் புதைக்கணும், பனியிலே பாதை இல்லே. பன்றிக்கறிக்கு உப்புப் போடும்போதே அம்மா அவருக்கும் போட்டு வச்சுட்டாங்க."

கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் அந்த அம்மாளை நினைத்துக்கொண்டேன். புருஷன் போய்விட்டான், வெளியே கதவைத் திறக்க முடியாத பனி, வீட்டில் பிள்ளைகள், குளிர்காலத்துக்கு வேண்டிய இறைச்சி, ஒரு மூட்டை உப்பு. அவள் வேறென்ன செய்திருப்பாள்? கதை உண்மையோ பொய்யோ, பனி மட்டும் பொய்யில்லை. 1963-ல் இருபதடி உயரத்துக்குப் பனி குவிந்து, ஏறக்குறைய பன்னிரண்டு வாரம் இந்தச் சத்திரம் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. ஹெலிகாப்டரில்தான் சாமான்கள் வந்து இறங்கின. அந்தப் பன்னிரண்டு வாரமும் யாரோ ஒருவர் ராத்திரி எழுந்து கணப்பைப் பார்த்துக்கொண்டுதானே இருந்திருக்க வேண்டும்? சத்திரம் கட்டியவர் பெயரைக் கல்லில் செதுக்கினார்கள். சாம்பல் வாரியவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

"அத்தை, கிளம்பலாமா? பனி இறங்குது" என்றார் மாப்பிள்ளை.

எழுந்தோம். பக்கத்து மேஜையிலிருந்த வயதான வெள்ளைக்காரர் ஒருவர், யாரும் சொல்லாமலே எழுந்துபோய் ஒரு கட்டையை எடுத்துக் கணப்பில் வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.