அக்காவின் புள்ளடிகள்

திருநெல்வேலியில் நாங்கள் நாலு பேர் தங்கியிருக்கிற போடிங்கில், பக்கத்து அறை அக்கா யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிறா. வேலைத் திருப்தி பற்றிய ஒப்படைக்கு வினாக்கொத்து நிரப்ப ஆள் தேவைப்பட்டபோது முதலில் அவாவைத்தான் பிடித்தோம். எங்கட சோம்பல்தான் காரணம்.

பத்து நிமிசத்தில் முடித்துத் தந்தா. எல்லாக் கேள்விக்கும் ‘திருப்தி’ என்ற பெட்டியில் புள்ளடி. ‘வேலையை விடும் எண்ணம் உண்டா?’ என்பதற்கு ‘இல்லை’.

ஆளையாள் பார்த்தோம். போன மாசம்தான் அவாவுக்கு இராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தோம். அது மூன்றாவது கடிதம்.

“அக்கா, இது முதலாளியிட்ட போகாது. பேரும் போடேல்லை.”

“என்ர புள்ளடியை அவருக்குத் தெரியுமெல்லோ?” என்று சிரித்தா.

காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டாகும் திரும்பிவர. நல்லூர்த் திருவிழா நாட்களிலும் தீபாவளிக்கு முதல் கிழமையிலும் பத்து மணி. கிளிநொச்சியில் இருக்கிற அம்மாவுக்கு அப்ப கோல் எடுத்தால் அவா நித்திரையாகியிருப்பா. லீவு ஞாயிறு மட்டும். அதுவும் உடுப்புத் தோய்க்கவே போய்விடும்.

கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இலிருந்தே இருக்கு. நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, சம்பளத்தோட ஒன்றரை நாள் லீவு. பெரிய ஆக்கள் மாதிரி வாசித்துக் காட்டினோம். அவா கேட்டது வேறை:

“அஞ்சு வருசம் முடியாமல் விட்டால் அந்தக் காசு கிடையாதாம், உண்மையோ?”

உண்மைதான். சேமலாப நிதி எங்கேயும் போகாது. ஆனால் 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேரோ கூடவோ வேலை செய்கிற இடத்தில் 5 வருசம் முடித்தால்தான் வருசத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று கிடைக்கும். அக்காவின் கடையில் இருபதுக்கு மேல் ஆக்கள். அவாவுக்கு நாலு வருசமும் ஏழு மாசமும்.

வருகிற இரண்டரை மாதச் சம்பளத்தில் வீட்டுக் கூரையைத் திருத்த வேணுமாம். அப்படிப் பார்த்தால் ‘இல்லை’ என்று போட்ட புள்ளடி பொய்யில்லை. இன்னும் ஐந்து மாசத்துக்கு இல்லை, அவ்வளவுதான். அதுக்கு எங்கட வினாக்கொத்தில் பெட்டி இருக்கவில்லை.

ஒப்படையில் ‘பெரும்பாலானோர் திருப்தியுடன் உள்ளனர்’ என்றே எழுதிக் கொடுத்தோம். புள்ளியும் நல்லாத்தான் வந்தது. அக்காவுக்கு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

மூன்றாவது கடிதத்தை அவா எங்களிட்டையே திருப்பித் தந்துவிட்டா. “வைச்சிருங்கோ பிள்ளையள், திகதியை மட்டும் பிறகு போடுவம்.”

லாச்சிக்குள் வைத்திருக்கிறோம்.