இடைசெவலுக்கு ஒரு நாள்

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் நெடுஞ்சாலையில் கோவில்பட்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் தெற்கே போனால் இடைசெவல். சாலையில் விரைகிறவர்களை இறங்கச் சொல்லும் கோயிலோ கோட்டையோ அங்கே இல்லை. ஆனால் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இரண்டு எழுத்தாளர்கள் பிறந்த ஊர் அது. கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் 1923 செப்டம்பரில் சில நாள் இடைவெளியில் பிறந்து, சிறுவயதிலிருந்தே சிநேகிதர்களாக வளர்ந்தவர்கள். அழகிரிசாமி காலமான 1970-ஆம் ஆண்டுக்கான விருது அவருடைய 'அன்பளிப்பு' தொகுப்புக்குக் கிடைத்தது; கி.ரா.வுக்கு 1991-இல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக. அதனால் வாசகர்கள் குழுவாகவும் தனியாகவும் ஒருநாள் பயணமாக அங்கே போகிறார்கள். ஊரைப் பார்த்தால் எழுத்து விளங்கும் என்பது இத்தகைய பயணங்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். பயணம் அவசியம்தான், காரணம்தான் சரியில்லை என்பது என் கருத்து. ஊர் ஒரு எழுத்தாளருக்கு எவ்வளவு கொடுத்தது என்பதைவிட, ஊர் கொடுக்காமல் விட்டதை அவர் எவ்வளவு உண்டாக்கினார் என்பதைப் பார்க்கத்தான் நாம் அங்கே போக வேண்டும்.

இதற்கு முதல் சாட்சி அந்த இரண்டு பெயர்களே. மண்தான் எழுத்தாளரை உருவாக்குகிறது என்பது உண்மையானால், ஒரே ஊரில் ஒரே வயதில் வளர்ந்த இருவர் ஏறக்குறைய ஒரே மாதிரி எழுதியிருக்க வேண்டும். நடந்தது வேறு. அழகிரிசாமி இளமையிலேயே ஊரை விட்டுச் சென்னைப் பத்திரிகை உலகத்துக்குப் போனார். சில ஆண்டுகள் மலேயாவில் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றினார். கம்பராமாயணப் பதிப்பில் உழைத்தார். அவருடைய கதைகளின் நடை எந்த வட்டாரத்தாரும் தங்குதடையின்றி வாசிக்கக்கூடிய தெளிந்த நடை. கி.ரா. ஊரிலேயே தங்கி விவசாயம் பார்த்தார். விவசாயிகளின் போராட்டங்களில் இறங்கினார். தாமதமாகத்தான் கதை எழுத வந்தார். வந்தவர் கரிசல் பேச்சையே கதை சொல்லும் மொழியாக ஆக்கிக்கொண்டார். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தவர், பல்கலைக்கழகம் எதன் துணையும் இல்லாமல் 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தமிழுக்குக் கொடுத்தார். அதே ஊர், அதே வெயில், அதே சங்கீதப் பித்து இருவருக்கும் இருந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டதோ வேறு வேறு. இடைசெவலில் நிற்கும் வாசகருக்கு இந்த வித்தியாசம் ஒரு கேள்வியாக எழுந்துவிட்டால், அந்தப் பயணம் பாதி பயன் கொடுத்துவிட்டது.

மறுபாதியைக் காட்டுக்குள் இறங்கித்தான் பெற வேண்டும். அந்தப் பக்கத்தில் காடு என்றால் மானாவாரி நிலம். கோடையில் போனால் கரிசல் வாய் பிளந்து கிடக்கும்; கையை விட்டால் உள்ளே போகும் அளவுக்கு வெடிப்புகள். ஐப்பசியில் மழை விழுந்ததும் அதே மண் தண்ணீரைக் குடித்து உப்பி, வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும். அப்போது நடந்தால் செருப்பு ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் கனம் ஏறும். கடைசியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பதே சுலபம் என்றாகிவிடும். மழை தப்பினால் விதை வீண், பிந்தினால் விளைச்சல் குறைவு, அறுப்பு நேரத்தில் பெய்தால் பருத்தி கெடும். இந்தக் கணக்குக்குள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் லட்சக்கணக்கில் உண்டு. ஆனால் அதை வாக்கியமாக்கியவர்கள் மிகச் சிலர். மண் எல்லாருக்கும் ஒரே மண்ணாகத்தான் இருந்தது. அந்த மண்ணை மிதித்துப் பார்த்த பிறகு கி.ரா.வின் ஒரு பக்கத்தைப் படித்தால், அங்கே இருந்ததையே எழுதியிருக்கிறார் என்று தோன்றாது. எதைத் தேர்ந்தார், எதை விட்டார், எந்த இடத்தில் பேச்சை நிறுத்திச் சிரிக்க வைத்தார் என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

கி.ரா. தன் நாவலின் ஊருக்கு இடைசெவல் என்று பெயர் வைக்கவில்லை என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். 1976-இல் வந்த 'கோபல்ல கிராமம்', தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்து காடு திருத்திக் குடியேறிய மக்களின் கதை. வழிவழியாகச் சொல்லப்பட்டதைக் கேட்டு வளர்ந்தவர், அதற்கு ஒரு கற்பனை ஊரை அமைத்தார். அந்தப் பெயரில் பேருந்து நிறுத்தம் கிடையாது. 'கதவு' கதையும் அப்படியே. வீட்டுக் கதவில் ஏறி ஆடிப் பேருந்து விளையாட்டு விளையாடும் குழந்தைகள்; தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள்; பிறகு அது கிடக்கும் இடத்தைக் குழந்தைகள் கண்டுபிடிக்கிறார்கள். ஒரு குடும்பத்தின் வறுமை முழுவதையும் அந்தக் கதவு சுமக்கிறது. ஊருக்குப் போய் எந்த வீட்டுக் கதவு என்று விசாரிப்பவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். ஜப்தி நடந்த ஊர்கள் எத்தனையோ; ஜப்தியான கதவைக் குழந்தைகளின் வண்டியாகப் பார்த்தவர் ஒருவர்தான்.

கதைதான் முக்கியம் என்றால் கதையைப் படித்தால் போதாதா, பயணம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எழுத்தாளர் வீட்டு வாசலில் படம் எடுத்துக்கொள்வதோடு முடிகிற பயணங்கள் பெருகியிருப்பதால் அதற்கு வலுவும் கூடுகிறது. ஆனால் வீட்டிலேயே உட்கார்ந்து படிப்பவருக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. அச்சில் இருக்கும் ஊர் முழுமையாக இருப்பதால், வெளியே இருக்கும் ஊரும் அப்படியே இருந்திருக்கும், எழுத்தாளர் பார்த்து எழுதினால் போதும் என்று அவர் நினைத்துவிடுகிறார். வட்டார இலக்கியத்தைப் பதிவு என்று சொல்லி ஒதுக்குகிற விமர்சனமும் இந்த மயக்கத்திலிருந்தே பிறக்கிறது. நேரில் போனவருக்கு அது தெளியும். எதிரே இருப்பது ஒரு சாதாரண ஊர். கையில் இருப்பது அசாதாரணமான புத்தகம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் உழைப்பை எந்த முன்னுரையும் இவ்வளவு நேராகக் காட்டாது.

ஊர் மாறிவிட்டதே, இப்போது போய் என்ன பார்ப்பது என்பது அடுத்த ஆட்சேபம். மாறியிருப்பது உண்மை. பருத்தியும் கம்பும் நின்ற பல காடுகளில் இன்று மக்காச்சோளம். கயத்தாறு பக்கம் திரும்பினால் காற்றாலைகள். கி.ரா.வும் 1989-இல் புதுவைப் பல்கலைக்கழகத்தின் நாட்டார் வழக்காற்றியல் பணிக்காகப் புதுச்சேரிக்குப் போனவர், கடைசிவரை அங்கேயே வாழ்ந்தார். 2021 மே மாதம் காலமான பிறகு அவர் உடல் அரசு மரியாதையுடன் இடைசெவலில் அடக்கம் செய்யப்பட்டது. ஊரை விட்டு முப்பது ஆண்டுகள் தள்ளியிருந்தும் அவர் எழுத்தில் கரிசல் வற்றவில்லை. அழகிரிசாமி அதைவிடத் தொலைவிலிருந்தும் ஊர்ப் பிள்ளைகளின் தீபாவளியை 'ராஜா வந்திருக்கிறா'ரில் எழுதினார். எழுத்தாளருக்கு ஊர் எதிரே நிற்க வேண்டிய தேவை இல்லை என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. வாசகருக்கும் பழைய ஊர் அப்படியே காத்திருக்க வேண்டியதில்லை. மக்காச்சோளக் காட்டின் ஓரத்தில் நிற்பவருக்கு, போய்விட்ட பேச்சையும் பயிரையும் வழக்கத்தையும் அந்தச் சொல்லகராதி எவ்வளவு காப்பாற்றி வைத்திருக்கிறது என்பது இன்னும் அழுத்தமாகப் புரியும்.

எனக்குக் கனமாகப் படும் ஆட்சேபம் மூன்றாவது: ஒரு ஊரையும் அதன் மக்களையும் காட்சிப் பொருளாக்குகிறோமே என்பது. கதையில் வந்தவர்களின் பேரன் பேத்திகள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வந்தவர் அவர்களைக் கதாபாத்திரங்களாகப் பார்ப்பது மரியாதைக் குறைவு. இதற்குப் பயணத்தை நிறுத்துவது மருந்தாகாது. எதிர்பார்ப்பை மாற்றிக்கொண்டால் போதும். கதையை ஊரில் தேடாதவர் யாரையும் கதாபாத்திரமாக நடிக்கச் சொல்லமாட்டார். மழை எப்படி, விலை எப்படி என்று கேட்டு, சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார். கி.ரா. வாழ்நாள் முழுக்கச் செய்ததும் அந்தக் கேட்கும் வேலைதான்.

நினைவிடங்களையும் இந்த அளவுகோலால் பார்க்கலாம். கோவில்பட்டியில் கி.ரா.வுக்கு அரசு எழுப்பிய நினைவரங்கம் 2022-இல் திறக்கப்பட்டது. கிழக்கே எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடும், கல்கி முன்னின்று பொதுமக்கள் நன்கொடையில் எழுந்து 1947-இல் திறக்கப்பட்ட மணிமண்டபமும் இருக்கின்றன. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். அவை ஒரு சமூகம் தன் எழுத்தாளர்களுக்குச் செலுத்தும் மரியாதை. அந்த மரியாதை வேண்டும். ஆனால் பிறந்த அறை பிறப்பைத்தான் சொல்லும். பாரதியின் பெரும் படைப்புகள் பல புதுச்சேரியில் எழுந்தவை. அதனால் இடைசெவலுக்குப் புறப்படுகிறவர் இருவரின் கதைகளையும் முன்னதாகவே ஒருமுறை படித்துவிட வேண்டும். திரும்பி வந்த வாரத்திலேயே மறுபடியும் படிக்க வேண்டும். அந்த இரண்டாவது வாசிப்பில் ஊர் சின்னதாகி எழுத்து பெரிதாகத் தெரிந்தால் பயணம் பலித்தது என்று கொள்ளலாம். நம் ஒவ்வொருவரின் ஊரும் அதே மாதிரிச் சாதாரண ஊர்தான் என்பதையும், அதைச் சொல்லத் தகுந்ததாக்கும் வேலை இன்னும் யாருக்காகவோ காத்துக் கிடக்கிறது என்பதையும் அப்போது சேர்த்தே தெரிந்துகொள்கிறோம்.