புள்ளித்திட்டம் இல்லாத கணக்கு

1991இல் ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள் வந்தன. ஒன்று 317206375. மற்றது 2682549425. எது சரி எண்டு பார்க்க உலகத்தில் எங்கேயும் ஒரு புள்ளித்திட்டம் இருக்கவில்லை.

ஏ.எல்லில் இணைந்த கணிதம் செய்த எங்களுக்கு இந்த நிலைமையே புதுசு. பாஸ்ட் பேப்பர் செய்வோம், விடையைப் பார்ப்போம், பொருந்தினால் அடுத்த கணக்கு. சரியான விடை யாரோ ஒருவரிடம் ஏற்கெனவே இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அவ்வளவு கொப்பிகளையும் நிரப்பினோம். சோதனை முடிந்த பிறகு, நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து அட்சரகணிதக் கேத்திரகணிதம் பற்றி வாசிக்கத் தொடங்கினபோது அந்த நம்பிக்கைதான் முதலில் ஆடியது.

கேள்வி இதுதான். இரண்டு மாறிகள் உள்ள சமன்பாடு தளத்தில் ஒரு வளையியைத் தரும். மூன்று மாறிகள் என்றால் ஒரு மேற்பரப்பு. நான்கு மாறிகள் என்றால் முப்பரிமாண உரு. அதைக் கீறிப் பார்க்க முடியாது, ஆனால் சமன்பாட்டை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கலாம். மாறிகளாகச் சிக்கலெண்களையும் அனுமதித்து, முடிவிலியில் உள்ள புள்ளிகளையும் சேர்த்து, சமன்பாட்டின் படியை ஐந்தாக வையுங்கள். பொதுவாக அப்படியான ஓர் உருவுக்குள் எத்தனை நேர்கோடுகள் முழுதாக அடங்கும்? 2875. இதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஹேர்மன் ஷூபேர்ட் கண்டுவிட்டார். இரண்டாம் படி வளையிகள் 609250. அதற்கு 1986இல் ஷெல்டன் காட்ஸ் வரவேண்டியிருந்தது.

மூன்றாம் படியில்தான் பிரச்சினை. நோர்வேயைச் சேர்ந்த எலிங்ஸ்ருட், ஸ்ட்ரொம்ம என்ற இரண்டு கணிதவியலாளர்கள் கணினியின் உதவியோடு பெரிய எண்ணைப் பெற்றார்கள். சின்ன எண் பிலிப் கன்டெலாஸும் மூன்று சகாக்களும் தந்தது. அவர்கள் இழைக் கோட்பாட்டிலிருந்து வந்தவர்கள். இந்த உருவுக்கு ஒரு 'கண்ணாடிச் சோடி' உரு இருக்கிறது, இங்கே எண்ணக் கஷ்டமானது அங்கே ஒரு வகையீட்டுச் சமன்பாடாக மாறிவிடும் என்பது அவர்களின் வாதம். அந்த வழியில் எல்லாப் படிகளுக்கும் விடை வரும். நிறுவல் மட்டும் இல்லை.

நிறுவல் இல்லாதவர்களை மற்றவர்கள் தூக்கி எறிந்திருக்கலாம். அப்படி நடக்கவில்லை. நோர்வேக்காரர் தங்கள் நிரலைத் திரும்பப் பார்த்தார்கள், அதில் பிழை இருந்தது. திருத்தியதும் வந்தது 317206375.

எங்களைப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். விடை பொருந்தினபிறகும் அவர்கள் அடுத்த கணக்குக்குப் போகவில்லை. 'ஏன் பொருந்துது?' என்ற கேள்வி மிச்சம். கிவென்டல் 1996இலும், லியன், லியூ, யாவ் மூவரும் 1997இலும் நிறுவல் தரும்வரை அது ஓயவில்லை.

அந்த 'ஏன்' இன்னொரு பக்கமும் இழுத்துக்கொண்டு போகும். 1834இல் எடின்பரோவுக்குக் கிட்ட ஒரு கால்வாயில், குதிரை இழுத்த வள்ளம் சடாரென்று நின்றது. அதன் முன்னால் திரண்ட ஒற்றை அலை உருக்குலையாமல் தொடர்ந்து ஓடியது. ஜோன் ஸ்கொட் ரசல் குதிரையில் அதைத் துரத்திக்கொண்டு போனார். 1895இல் கோர்ட்டவெக்கும் டி வ்ரீசும் அந்த அலைக்கான சமன்பாட்டை எழுதினார்கள். இந்தச் சமன்பாட்டில் சக்தி, உந்தம் மட்டுமல்ல, முடிவில்லாத கணியங்கள் மாறாமல் காக்கப்படுகின்றன. அதனால்தான் இரண்டு அலைகள் ஒன்றையொன்று கடந்தும் தங்கள் உருவத்தோடு வெளியே வருகின்றன. இப்படியானவைதான் தொகையிடத்தக்க தொகுதிகள்.

இப்போது வளையி எண்ணும் கணக்கில் அந்த ஐந்தாம் படி உருவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் ஒரு புள்ளியை வையுங்கள். எண்ண ஒண்டும் இல்லை எண்டுதான் தோன்றும். ஆனால் வளையிகள் தாங்களே எத்தனை விதமாக மாறலாம் என்ற கேள்வி மிஞ்சுகிறது. அதிலிருந்து வரும் எண்களை ஒரே தொடராகக் கோர்த்தால் அது கால்வாய் அலையின் சமன்பாட்டுக்குக் கட்டுப்படும் என்று எட்வேர்ட் விட்டன் ஊகித்தார். 1992இல் வெளியான கட்டுரையில் மக்சிம் கொன்ட்செவிச் அதை நிறுவினார். இதை முதல்தரம் வாசித்த அன்று எங்களில் ஒருவரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

"இதைப் படிச்சு என்ன வேலை எடுக்கப் போறியள்?" எண்டு வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சம்பளக் கணக்கில் எங்களிடம் பதில் இல்லை. பின்னேரங்களில் ஓ.எல் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். "அண்ணா, இது சரியோ?" என்று கொப்பியை நீட்டினால், சரி பிழை சொல்ல முதல் "நீ என்ன நினைக்கிறாய்? ஏன்?" என்று கேட்கப் பழகியிருக்கிறோம். முதலில் எரிச்சல்படுவார்கள். பிறகு மெல்லச் சொல்லத் தொடங்குவார்கள்.